எத்தனை வாட்?

ஒருவன் எவ்வளவு பாடுபடுகிறான் என்பதை ஒரு கருவி சொல்லிவிட முடியுமா? சைக்கிள் கடையில் முடியும் என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கருவிக்குப் பவர் மீட்டர் என்று பெயர். அதை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது, அதோடு எந்த சைக்கிள் கம்ப்யூட்டரைச் சேர்ப்பது என்று மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடத் தேட இது கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியாக இல்லாமல், நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாக மாறிக்கொண்டே போகிறது. சைக்கிள் ஓட்டாத நண்பர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சிஜிபிஏ, கேபிஐ என்று நம் எல்லோர் தலைமேலும் ஏதோ ஒரு மீட்டர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பெடலை மிதிக்கும்போது கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் என்ற மெல்லிய கம்பிப் பட்டையும் கூடவே நீள்கிறது. நீண்டால் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்திலிருந்து முறுக்கு விசையைக் கணக்கிட்டு, கிராங்க் சுற்றும் வேகத்தால் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும். இரண்டாம் ஆண்டு லேப்பில் இரும்புப் பட்டையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு நாங்கள் செய்த சோதனையும் இதேதான். மிதிக்கிற கால் மட்டும்தான் புதுசு. ஜெர்மானியப் பொறியியலாளர் உல்ரிச் ஷோபரர் 1986-இல் எஸ்ஆர்எம் நிறுவனத்தைத் தொடங்கி இதைச் சைக்கிளுக்குக் கொண்டு வந்தார். மூன்று முறை டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட் இதை ஆரம்பத்திலேயே பயன்படுத்தியவர்களில் ஒருவர். இன்று பெடலுக்குள், கிராங்கில், சங்கிலிப் பல்சக்கரத்தின் நடுவில், பின்சக்கர அச்சில் என்று பல இடத்தில் வைக்கிறார்கள். ஹேண்டில்பாரில் இருக்கும் கம்ப்யூட்டர் அந்த எண்ணைக் கம்பியில்லாமல் வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

வேகத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து சுங்கை பக்காப் வழியாக நிபோங் திபால் வரை போய்த் திரும்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 78 கிலோ, சாதாரண ரேஸ் சைக்கிள், சமதளம். காற்றே இல்லாத நேரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 140 வாட் வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் அதே 30-க்கு 230 வாட் ஆகிவிடுகிறது. அதே காற்று முதுகில் அடித்தால் 80 வாட்டே போதும். இது நானே உட்கார்ந்து போட்ட கணக்கு. சைக்கிளில் குனிந்து உட்காருவதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் விஷயம் மாறாது. ஒரே வேகம், மூன்று வெவ்வேறு உழைப்பு. வேகம் என்பது காற்றும் சாலையும் முன்னால் போகும் லோரியும் சேர்ந்து கொடுப்பது. வாட் என் காலிலிருந்து வருவது.

இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. வகுப்பில் கர்ம யோகம் என்று கேட்டோமே, செயல் உன்னுடையது, பலன் பல கைகளில் இருக்கிறது என்று. வேகம் பலன், வாட் செயல்! பலனை விட்டுவிட்டுச் செயலை மட்டும் பார்க்க ஒரு ஜெர்மன்காரர் மீட்டர் செய்து வைத்திருக்கிறார் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுக்க நிற்காது.

ஏன் என்றால் நம் ஊர் வெயில். காலை 7 மணிக்கு 150 வாட்டில் போகும்போது பேசிக்கொண்டே போகலாம். 10 மணிக்கு அதே 150 வாட்டுக்கு இதயம் இன்னும் வேகமாக அடிக்கும், வாயைத் திறக்கவே தோன்றாது. மனித உடல் எரிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போய்ச் சேருகிறது. பெடலில் 150 வாட் என்றால் உடம்புக்குள் சுமார் 500 வாட் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற ரத்தம் தோலுக்கு ஓட வேண்டும், வேர்வையில் நீர் போக வேண்டும். ஈரக்காற்றில் அந்த வேர்வையும் சீக்கிரம் காயாது. இந்த 500-ஐ எந்தப் பவர் மீட்டரும் காட்டுவதில்லை. ஆகவே வாட்டும் ஒரு பலன்தான். வேகத்தைவிட நமக்கு ஒரு படி அருகில் இருக்கும் பலன். முயற்சி அதற்கும் உள்ளே இருக்கிறது. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் அதைப் பிடிக்க வேறு வழி பார்த்தார்: எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று ஆளையே கேட்டு, 6 முதல் 20 வரை ஓர் எண் சொல்லச் சொன்னார். கருவியே இல்லை. ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்த இடத்தில் என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்னே பெரட்டு, பிறகு மரம் மரமாகச் சீவி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து வந்து நிறுக்கக் கொடுக்க வேண்டும். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க மெட்ரோலாக் என்ற மிதவையை விடுவார்கள். அடர்த்தியைப் பார்த்துச் சொல்லும் கருவி அது. பொறியியல் மாணவன் கண்ணில் பார்த்தால் ரொம்ப நேர்த்தியான கருவி. ஆனால் மழை பெய்தால் பால் நீர்த்துப்போகும், கிழட்டு மரம் குறைவாகக் கொடுக்கும், மேட்டில் இருக்கும் மரத்துக்கு ஏறி இறங்க வேண்டும். மெட்ரோலாக் இதையெல்லாம் கேட்காது. கிராணியின் புத்தகத்தில் எண் ஏறிவிடும், அந்த எண்ணுக்குத்தான் சம்பளம்.

பாட்டியிடம் பவர் மீட்டர் என்றால் என்ன என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த நம்பர யாருப்பா பாக்கறது?" என்றார்.

"நான்தான் பாட்டி."

"நீ மிதிக்கிறத நீயே பாக்கவா இவ்வளவு காசு?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி சரியான இடத்தில் குத்தியது. எண் சரியா தவறா என்பதற்கு முன்னால், எண் யார் கையில் இருக்கிறது என்று ஒரு கேள்வி இருக்கிறது. பாட்டியை அளந்த எண் பாட்டியுடையது அல்ல. பத்து காவானில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் அண்ணனுக்கு ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று டார்கெட். அந்த எண்ணும் அவருடையது அல்ல. எங்கள் குடும்பத்தில் தன் உழைப்பின் எண்ணைத் தானே வைத்துக்கொண்டு, சும்மா தெரிந்துகொள்வதற்காகப் பார்க்கும் முதல் ஆள் நானாக இருக்கலாம். இது ஆடம்பரம்தான். மறுக்கவில்லை. ஆனால் கெட்ட ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரே சிக்கல், நான் அதை என்னிடமே வைத்துக்கொள்வேனா என்பது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரை நிறுத்தியவுடன் ஸ்ட்ராவாவில் தானாக ஏறிவிடும். அடுத்த நிமிடம் மற்றவன் எத்தனை வாட் என்று பார்க்கத் தோன்றும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் நடக்கும்போது, காவடி எடுத்தவரிடம் போய் "எத்தனை கிலோ அண்ணே?" என்று கேட்கிறோமே, அதே பழக்கம். கேட்பவனும் பக்தன்தான், பதில் சொல்பவரும் பக்தர்தான். இருந்தாலும் கிலோ என்ற சொல் வந்தவுடன் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

இப்போது கருவிக்கு வருகிறேன், ஏனென்றால் எதை வாங்குவது என்பதே இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. விலை குறைந்த மீட்டர்களில் பல இடது கிராங்கில் மட்டும் அளந்து, அதை இரண்டால் பெருக்கிக் காட்டுகின்றன. என் கால்களில் இடது 48 சதவீதம், வலது 52 சதவீதம் மிதிக்கிறது என்றால், உண்மையில் 200 வாட் கொடுக்கும்போது அது 192 என்று காட்டும். பொய்தான். ஆனால் தினமும் ஒரே அளவில் சொல்லும் பொய் என்றால், நேற்றைய என்னோடு இன்றைய என்னை ஒப்பிட அது போதும். மற்றவனோடு ஒப்பிட்டால்தான் அந்த 8 வாட் முக்கியமாகிறது. அப்போது இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கும் பெடல் வேண்டும். அதை வாங்கினாலும் அவனுடைய மீட்டர் சரியா என்ற சந்தேகம் வரும். பிறகு உடல் எடை, ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்று போய்க்கொண்டே இருக்கும்.

இடது பக்க மீட்டருக்காக வக்கீலாக வாதாடவில்லை. களைப்பில் கால்களின் பங்கு மாறலாம். 48 என்பது 50 ஆகிவிட்டால், நான் கொஞ்சமும் வலுவாகாமலே திரையில் 200 வந்துவிடும். நானும் முன்னேறிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு அடுத்த வாரம் கூடுதலாக மிதிப்பேன். நிலையான பிழையைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், நகர்ந்துகொண்டே இருக்கும் பிழையை என்ன செய்வது? இதே காரணத்துக்காகத்தான் எந்த மீட்டராக இருந்தாலும் ஓட்டத் தொடங்கும் முன் பெடலில் காலை வைக்காமல் ஜீரோ பார்க்கச் சொல்கிறார்கள். வெப்பம் மாறினால் உலோகமும் கேஜும் மாறும். நம் வீட்டு ஏர்கோன் அறையிலிருந்து சைக்கிளை வெளியே எடுத்தவுடன் பார்ப்பதைவிட, கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்குக் குழப்பம் குறைவு. வெயிலில் எழுத்து தெரிய வேண்டும், மழையில் சாகக்கூடாது, பவர் மீட்டரோடும் இதயத் துடிப்புப் பட்டையோடும் பேச வேண்டும். கலர் வரைபடம், பாட்டு, மெசேஜ் எதுவும் தேவையில்லை. கார்மின், வாஹூ வைத்திருப்பவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பிரைட்டன், ஐஜிபிஸ்போர்ட் போன்றவற்றின் சின்ன மாடல்களும் இந்த வேலையைச் செய்துவிடும். திரையில் என்ன வைப்பது என்பதுதான் முக்கியம். நான் வேகத்தை எடுத்துவிடப் போகிறேன். நேரம், துடிப்பு, 3 வினாடிச் சராசரி வாட், அவ்வளவு போதும். வாட்டைத் தாண்டித் துடிப்பு ஏறிக்கொண்டே போனால் வெயில் ஜெயிக்கிறது, வீட்டுக்குத் திரும்பு என்று அர்த்தம்.

எனக்கு இதில் உண்மையான பயன் என்று தோன்றுவது வேறு. 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, அதன் சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எடுத்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அளவு கிடைக்கும். எஃப்டிபி என்பார்கள். ஆண்ட்ரூ கோகன், ஹண்டர் ஆலன் இருவரும் பரப்பிய முறை. அதை வைத்துப் பயிற்சியைப் பிரிக்கும்போது, வாரத்தில் பல நாள் அதில் 75 சதவீதத்துக்குள் ஓட்டு என்று வரும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாருக்கும் முடியாத காரியம் அது. பின்னால் விழக்கூடாது என்று எல்லோரும் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே மிதிக்கிறோம். மீட்டர் "வேகமாகப் போ" என்று சொல்வதைவிட "இன்று இது போதும், அவர்கள் போகட்டும்" என்று சொல்லும்போதுதான் அதன் காசுக்கு வேலை செய்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மெதுவாக்க மனசு வருமா என்பது என் பாடு.

மீட்டர் இல்லாமல் ஜெயிக்க முடியாதா என்று கேட்டால், முடியும். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் மலேசியாவுக்காக ஓட்டிய எம். குமரேசன் காலத்தில் இதெல்லாம் யார் கையில் இருந்தது? அசிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோவில் வெண்கலமும் டோக்கியோவில் வெள்ளியும் வாங்கினார். அவருக்குப் பின்னால் எண் பார்க்கும் பயிற்சியாளர்கள் இருந்தார்கள், ஆனால் மேடையில் யாருடைய வாட்டையும் அறிவிக்கவில்லை.

கடைசியாகக் காசு. இரண்டு பக்கமும் அளக்கும் பெடல் இங்கே ஒரு மாதக் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டைத் தாண்டிவிடுகிறது. கம்ப்யூட்டர் தனி. இண்டர்ன்ஷிப்பில் சேர்த்த காசு என்னிடம் இருக்கிறது. அடுத்த வருடம் மெட்ரிகுலேஷன் போகும் தங்கச்சிக்கு லேப்டாப் வேண்டும், அதுவும் எனக்குத் தெரியும். அப்பா அம்மா வாங்காதே என்று சொல்லவில்லை. "உன் காசு, நீயே யோசி" என்றார்கள். சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும், எதிர்த்தாவது பேசியிருக்கலாம்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பழைய இடது கிராங்க் மீட்டர் ஒன்று, சின்ன கம்ப்யூட்டர் ஒன்று, மீதி லேப்டாப்புக்கு. என்னோடு மட்டும்தான் ஒப்பிடப் போகிறேன், ஆகவே இது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். கையில் தாராளமாகக் காசு இருந்தால் இதே தத்துவம் பேசியிருப்பேனா? அநேகமாகப் பெடல்தான் வாங்கியிருப்பேன். அதனால் இதைப் பற்றின்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம். பட்ஜெட் என்று சொன்னால் போதும்.

புக்கிட் தம்புனில் ஒருவர் ஒரு இடது கிராங்க் விற்கிறார். விலை நியாயமாக இருக்கிறது. ஆனால் அது 170 மில்லிமீட்டர், என் சைக்கிளில் வலது பக்கம் இருப்பது 172.5. இரண்டு காலுக்கு இரண்டு நீளம் சரிப்படாது. யாரிடமாவது 172.5 இருந்தால் சொல்லுங்கள்.