மலைவழியும் நாற்பாதமும்

திருக்குற்றால மலையேறுவார் முதற்கண் தம் வன்மையை அளந்தறிதல் வேண்டும். சிற்றாறு மேலே தேனருவியாயும், இடையே செண்பகாதேவியருவியாயும், அடிவாரத்தில் குறும்பலாவீசர் திருக்கோயின் மருங்கே பேரருவியாயும் வீழ்கின்றது. மேல்வழி கடிது. மலைமேல் மழை பெய்யின் வெள்ளம் நொடியிற் பெருகும். 2024 மே 17இல் பழைய குற்றாலத்தில் அது ஓர் இளம்பிள்ளையின் உயிரைக் கொண்டது. ஆகலின் வனத்துறையார் தடுத்த வழியிற் செல்லுதல் பேதைமையேயாம். ஏறமாட்டாதார் பேரருவியில் ஆடுவர். அவரை நனைப்பதும் தேனருவி நீரே.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களும் இத்தகையன என்பது நம் துணிபு. அவரவர் பக்குவமறிந்து நெறி காட்டுவார் ஆசாரியர். அவர் காட்டாதவழி முந்துதல் இடர். திருக்கோயிலில் அலகிடும் சரியையாளரை, ஞானநூல் கற்றேமென்னும் செருக்கால் நாம் இகழ்வேமாயின், அவர்பால் இழியும் திருவருளையே இகழ்ந்தேமாவேம். அன்பர்கள் இதனை ஓர்ந்து உய்க.