சும்மா போய்ப் பார்த்துட்டு வர்றது

பாகூர்ப் பக்கத்துச் சேரிகளில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஆயாக்கள் ஒரு பேச்சை எடுப்பார்கள். "புள்ளைங்கள ஒருவாட்டி மெட்ராஸ் இட்டும்போயி காட்டிட்டு வந்துடணும்." பாண்டிச்சேரி இருபது கிலோமீட்டர், அது கணக்கில் வராது. பாண்டிக்குப் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து நூற்றைம்பது கிலோமீட்டர் போக வேண்டும். நடவுக் கூலியிலும் முதியோர் உதவிப் பணத்திலும் முந்தானையில் முடிந்து வைத்த காசு இதற்குத்தான். கடல் பார்க்கவா என்றால், நரம்பையும் மூர்த்திக்குப்பமும் பக்கத்தில்தான் இருக்கின்றன. பிறகு எதுக்கு என்று கேட்டால், "சும்மாதான்" என்பார்கள்.

இந்தச் 'சும்மா'வைத்தான் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் சனங்கள் பட்டணத்துக்குச் சும்மா போனது எப்போது? கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். மனு கொடுக்க, மறியல் செய்ய, சித்தாள் வேலைக்கு, பொணம் வாங்க என்று போயிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு யாத்திரை இருந்தது. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போகிற வழியெல்லாம் சத்திரம் இருந்தது. அந்தச் சத்திரத்துத் திண்ணையில் நம்மாள் உட்கார முடியாது. போகிற பாதையே நமக்குப் பாதையாக இல்லை. பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். தெருவில் நடப்பதற்கே ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. பஸ் வந்த பிறகும் தீண்டப்படாதவரை ஏற்ற மாட்டோம் என்றார்கள். அப்படி மறுக்கும் பஸ்காரர்கள் மேல் நடவடிக்கை எடுப்போம் என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சௌந்திரபாண்டியன் உத்தரவு போட வேண்டியிருந்தது.

பாகூர் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில். சென்னைத் தீர்மானம் இங்கே செல்லாது. சமத்துவம், சகோதரத்துவம் என்று பேசிய அந்த ஆட்சி 1954 நவம்பர் 1 வரை இருந்தது. ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் நடுவில் கிடந்த கோட்டை அது அழிக்கவில்லை. இத்தனைக்கும் பாகூருக்குக் கல்விப் பெருமை ரொம்பப் பழசு. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேடு, இங்கே இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. மூன்று ஊர் விளைச்சலைத் தின்று சாத்திரம் படித்தார்கள். சேற்றில் இறங்கி அதை விளைய வைத்தவன் பிள்ளை எதைப் படித்தான், எதைப் பார்த்தான் என்பதைச் செப்பேட்டில் தேட முடியாது.

இந்த வரலாறு தெரிந்த தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: பேரப்பிள்ளையை இட்டுக்கொண்டு போகிற ஆயா இதையெல்லாம் சொல்ல வேண்டாமா? மெரினாவில் சுண்டல் வாங்கிக் கொடுப்பதும் வண்டலூரில் சிங்கம் காட்டுவதும் போதுமா? நினைவைக் கைமாற்றித் தராத பயணம் வெறும் வேடிக்கைதானே? பெத்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்: "சின்னப்புள்ள மனசுல ஏன் சாதிய ஏத்துறீங்க? அது சந்தோசமா இருந்துட்டுப் போவட்டும்." இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். சந்தோசமும் நினைவும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று நினைக்கிறார்கள்.

அப்படியில்லை என்பதற்கு அம்பேத்கரின் சின்ன வயதுப் பயணமே சாட்சி. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அவர் கையால் எழுதி, 1990இல் தனிநூலாக வந்த குறிப்புகளில் அது இருக்கிறது. 1901. அவருக்கு ஒன்பது பத்து வயது. அப்பா கோரேகாவில் வேலையில் இருக்கிறார். சதாராவிலிருந்து அண்ணனும் அக்கா பிள்ளைகளும் அவருமாக ரயிலேறுகிறார்கள். புதுச்சட்டை, சரிகைத் தொப்பி. ரயிலைப் பார்ப்பதே முதல் தடவை. மசூர் ஸ்டேஷனில் இறங்கியதும் மகார் பிள்ளைகள் என்று தெரிந்துவிடுகிறது. எந்த வண்டிக்காரனும் ஏற்ற மாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டைக் கூலி பேசி, பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் தரையில் நடந்து வருவான் என்று ஏற்பாடாகிறது. சாப்பாடு கையில் இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பையனுக்குத் தீண்டாமை புதுசு இல்லை. பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், குழாயைத் தானாகத் தொட முடியாமல் நின்றிருக்கிறான். அதெல்லாம் உலக வழக்கம் என்றுதான் இருந்திருக்கிறான். அதைப் பற்றி யோசிக்க வைத்தது இந்தப் பயணம்தான் என்று அவரே எழுதுகிறார். ஏன்? நான் சொல்வது இதுதான்: அன்றைக்கு அவன் ஆசையோடு கிளம்பியிருந்தான். எல்லாப் பிள்ளையையும் போலத் தானும் ஊர் பார்க்கப் போகிறவன் என்று நம்பியிருந்தான். அந்தச் சந்தோசத்தை உடைத்தபோதுதான் வழக்கம் அநியாயமாகத் தெரிந்தது. அவமானத்தை மட்டுமே தின்று வளர்கிற பிள்ளைக்கு அவமானம் பழகிவிடும். தாராளமாக நடந்து பார்த்த பிள்ளைதான் தடுத்து நிறுத்தும்போது "ஏன்?" என்று கேட்கும். அநியாயத்தை அளக்க ஒரு கோல் வேண்டும். அந்தக் கோல் சந்தோசம். அதைத்தான் ஆயா நூற்றைம்பது கிலோமீட்டர் போய் வாங்கித் தருகிறாள்.

அதனால் பட்டணம் சாதியில்லாத சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அதே குறிப்புகளில் அடுத்ததாக வருவது பரோடா. 1917இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பி உத்தியோகத்துக்குப் போன அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பேர் மாற்றித் தங்கினார்; தடியோடு வந்து வெளியேற்றினார்கள். சென்னையும் லேசுப்பட்டதில்லை. ஆற்றோரக் குடிசைகளை இடித்து, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் சனங்களை ஏற்றி அனுப்பிய நகரம் அது. வாடகைக்கு வீடு கேட்டால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிற நகரம். சாக்கடைக்குள் மனிதனை இறக்கக்கூடாது என்று 2013இல் சட்டம் வந்த பிறகும் இறக்கிக் கொன்றிருக்கிற நகரம்.

பஸ் ஜன்னலில் பேத்தி இதையும் பார்ப்பாள். "ஆயா, அவுரு ஏன் குழிக்குள்ள எறங்குறாரு?" என்று கேட்பாள். அப்போது ஆயா என்ன செய்ய வேண்டும்? "அது ஒன்னுமில்ல, அங்க பாரு ரயிலு" என்று திருப்பிவிட்டால் அது பொய். "இங்கல்லாம் சாதி கெடையாதும்மா" என்பது அதைவிடப் பெரிய பொய். என்றைக்காவது வாடகை வீட்டு வாசலில் அவள் தனியாக நிற்கும்போது அந்தப் பொய் அவளை வீழ்த்தும். கேட்டதற்குக் கேட்ட அளவுக்கு உண்மை சொல்ல வேண்டும். "நம்ம சனத்ததான் எறக்குவானுங்க. அது தப்பு." இவ்வளவு போதும். கேட்காதபோது பிரசங்கம் வேண்டாம். பிள்ளை கடன்பட்டுப் பிறக்கவில்லை. தாத்தா பட்ட அடியையெல்லாம் ஐஸ் தின்னும்போது அது சுமக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஆயாவும் முதல்தடவையாகத்தான் பார்க்கிறாள். எட்டு வயதில் மாடு மேய்க்கவும் பத்து வயதில் களை எடுக்கவும் போனவள். பேத்தி ஒரு சாக்கு; அவளுக்கே பார்க்க ஆசை. தலித் எழுத்து என்று சொல்லிக்கொண்டு கிழவிகளிடம் போகிறவர்கள் பட்ட கஷ்டத்தை மட்டும்தான் கேட்டு எழுதுகிறார்கள். உழைப்பாளர் சிலைக்குக் கீழே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு அவள் என்ன நினைத்தாள் என்பதும் சாட்சியம்தான். அதையும் கேட்டு எழுத வேண்டும்.

சேரியில் இரவுப் பாடசாலை நடத்துகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாநாட்டுக்கு வேன் பிடிக்கிறோம், மறியலுக்கு லாரி பிடிக்கிறோம். வருசத்துக்கு ஒருதரம் கிழடுகளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி பிடிப்போம். மனு வேண்டாம், கோஷம் வேண்டாம், கொடியும் வேண்டாம். போய்ப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, தூங்கிக்கொண்டே திரும்பி வரட்டும். அதுவும் நம் அரசியல்தான்.