மறைப்பதா? நீக்குவதா?

சேர்வராயன் மலையில் தெளிந்து பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரைக் கடக்கையில் சாக்கடையைச் சுமந்து கறுத்துவிடுகிறது. பின்னர் நாமக்கல் மாவட்டத்து வயல்களினூடே சென்று காவிரியில் கலக்கிறது. இத்தகைய கழிவுநீரில் இரசாயன மருந்தைக் கலந்துவிட்டால் அது சுத்தமாகிவிடுமா? அதில் உளூச் செய்யலாமா? சிந்திக்க வேண்டிய மஸ்அலா இது.

நஜீஸ் விழுந்து நிறமோ, சுவையோ, வாடையோ மாறிய நீர், எவ்வளவு அதிகமாயினும் அசுத்தமே. இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடில்லை. ஹனபீ மத்ஹபிலும், நஜீஸின் அடையாளம் தெரிந்தால் ஓடும் நீரும் அசுத்தமே. ஷாபிஈ மத்ஹபில், குல்லத்தைன் அளவுள்ள நீரில் அம்மாற்றம் தானாகவோ, வேறு நீர் சேர்ந்தோ நீங்கினால் அது சுத்தமாகிவிடும். ஆனால் கஸ்தூரியோ குங்குமப்பூவோ இட்டதனால் மாற்றம் தெரியாமற் போனால் சுத்தமாகாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜில்' கூறுகிறார்கள். காரணம் என்ன? அங்கே அசுத்தம் நீங்கவில்லை, மறைந்திருக்கிறது!

இந்த உரைகல்லில் இன்றைய மருந்துகளை உரசிப் பார்ப்போம். குளோரின் மலிவானது, கிருமிகளைக் கொல்லும். ஆனால் தன் வாடையை நீரில் நிறுத்திவிடும். மிஞ்சிய அழுக்கோடு கூடி டிரைஹாலோமீத்தேன் போன்ற தீய பொருள்களை உண்டாக்கும். எஞ்சிய குளோரின் மீன்களையும் மடிக்கும். ஓசோன் தன் வேலை முடிந்ததும் பிராணவாயுவாகிவிடும், மின்செலவுதான் அதிகம். பெர்அசிட்டிக் அமிலம், காடியிலுள்ள அமிலமாகவும் நீராகவும் பிராணவாயுவாகவும் பிரிந்துவிடும். அதுவும் விலை கூடியது. எனினும் இம்மூன்றின் வேலையும் கிருமிகளைக் கொல்வதே. கசடைப் படியவைத்து, கரைந்துள்ள அழுக்கை நுண்ணுயிர்களால் சிதைத்த பிறகே மருந்து பயன் தரும். அதைச் செய்யாமல் மருந்தை மட்டும் கொட்டுவது, கஸ்தூரி இட்ட கதைதான்.

முறையாகச் சுத்திகரிக்கப்பட்டு, நிறம், சுவை, வாடை மூன்றிலும் நஜீஸின் சுவடு நீங்கிய நீர் சுத்தமானதே என்று 1978இல் சவூதி மூத்த உலமாக்கள் சபையும், 1989இல் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹு சபையும் தீர்ப்பளித்துள்ளன. ஆயினும் உடல்நலம் கருதி அதைக் குடிக்காமலிருப்பதே நலம் என மூத்த உலமாக்கள் அறிவுறுத்தினார்கள். ஆக, சுத்தம் என்பது வேறு. தீங்கற்றது என்பது வேறு.

சகோதரர்களே! நீர்த்துறையில் மலஜலம் கழிப்பது சாபத்தைத் தேடித் தரும் செயல் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஒரு மனிதன் செய்வதற்கே இந்த எச்சரிக்கை என்றால், ஒரு நகரமே செய்தால்? 'மருந்து போட்டாயிற்று' என்று மேலே இருப்பவர் கைகழுவிவிட்டால், கீழே அதே நீரைப் பாய்ச்சும் விவசாயிக்கு நாளை மறுமையில் பதில் சொல்வது யார்? உளூவுக்கு முன் தண்ணீரைச் சோதிக்கும் நாம், நம் வீட்டுச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்றும் விசாரிப்போமாக. அதுவும் தஹாரத்தைச் சேர்ந்ததே.

அசுத்தத்தை மறைப்போராக அன்றி, நீக்குவோராக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.