விருப்பம் என்னும் விலங்கு

“யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களாக விரும்பி உழைக்கிறார்கள்; கூடுதல் ஊதியம் பெறுகிறார்கள். வேண்டாம் என்று தடுக்க நீர் யார்?”

கைப்பேசி செய்யும் ஆலைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், கற்றறிந்த நண்பர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். ஏளனம் செய்து ஒதுக்கிவிடத்தக்க கேள்வியன்று இது. தன் உடல், தன் உழைப்பு, தன் விருப்பம் இம்மூன்றும் மனிதனுக்கே உரியவை என்று மேடைதோறும் முழங்குபவர்கள் நாம். அந்த நாமே, ‘இத்தனை மணிக்குமேல் உழைக்காதே’ என்று ஒருவனுக்கு ஆணையிடலாமா?

தோழர்களே! சீனத்தின் தென்பகுதியிலே, ஹாங்காங்கை அடுத்து, ஷென்சென் என்றொரு நகரம். தைவான் நாட்டு நிறுவனமான ஃபாக்ஸ்கான் அங்கே அமைத்த ஆலையை ஆலை என்பதைவிட ஊர் என்பதே பொருந்தும். இலட்சக்கணக்கானோர் உழைத்ததும் உண்டதும் உறங்கியதும் அதன் மதிலுக்குள்ளேதான். 2010-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் இளந்தொழிலாளர் பத்துப் பேருக்கு மேல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். நிறுவனம் என்ன செய்தது? ஊதியத்தை உயர்த்தியது, உண்மை, மறைப்பானேன்! கூடவே, விடுதிக் கட்டடங்களைச் சுற்றி வலையும் கட்டியது. விழுகிறவனைப் பிடிக்க வலை தேடியவர்கள், அவன் ஏன் அந்த விளிம்பிற்கு வந்தான் என்று தேடினார்களா?

சீனத்தில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1994-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி என்கிறது. மிகைநேர வேலை மாதத்துக்கு 36 மணியைத் தாண்டலாகாது என்கிறது. ஆனால், ஆப்பிள் நிறுவனமே உறுப்பினராகச் சேர்ந்திருந்த ஃபேர் லேபர் அசோசியேஷன் என்னும் அமைப்பு, 2012-இல் ஃபாக்ஸ்கானின் மூன்று ஆலைகளை ஆராய்ந்தபோது கண்டதென்ன? உற்பத்தி உச்சத்தில் இருந்த வாரங்களில் 60 மணிக்கும் மேலாக வேலை. ஏழு நாளுக்கு மேல் ஒரு நாள் ஓய்வுமின்றி உழைத்தவர்களும் உண்டு.

அந்த அமைப்பு 35,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரிடம் கருத்துக் கேட்டது. வேலைநேரம் மிகுதி என்றவர்கள் நூற்றுக்கு 17.7 பேர். சரியான அளவே என்றவர்கள் 48 பேர். இன்னும் கூடுதலாக உழைத்துக் கூடுதலாக ஈட்ட வேண்டும் என்றவர்கள் 33.8 பேர்!

“பார்த்தீரா!” என்று துள்ளுகிறார் நண்பர். பார்த்தேன், அதே ஆய்வில் இன்னொரு கணக்கையும் பார்த்தேன். ‘பெறும் ஊதியம் அடிப்படைத் தேவைகளுக்கே போதவில்லை’ என்றவர்கள் நூற்றுக்கு 64.3 பேர். இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். 2010-இன் தொடக்கத்தில் ஷென்சென் ஆலையின் அடிப்படை மாத ஊதியம் 900 யுவான். ஆலை இருந்த பகுதியின் குறைந்தபட்ச ஊதியமும் அதுவே. மிகைநேரத்துக்கோ வாரநாளில் ஒன்றரை மடங்கு, ஓய்வுநாளில் இரு மடங்கு. எட்டு மணி உழைப்பிலே வாழ்க்கை இல்லை. ஒன்பதாம் மணியில்தான் தொடங்குகிறது! ஊரில் பெற்றோருக்குப் பணம் அனுப்ப வேண்டிய உழவர் வீட்டுப் பிள்ளை, கூடுதல் மணி கேட்காமல் வேறென்ன கேட்பான்? அவன் அறிவிலி அல்லன், கணக்குத் தெரிந்தவன். ஆனால் அவனிடம் மணியைப் பற்றிக் கேட்டார்களே தவிர, ‘எட்டு மணிக்கே போதிய கூலி தந்தால் எத்தனை மணி உழைப்பாய்?’ என்று கேட்கவில்லை.

அறியாத ஒன்றுக்கு ஒருவன் இசைய முடியுமா? சூசௌ நகரில் விண்டெக் என்னும் ஆலை. கைப்பேசித் திரையைத் துடைக்கச் சாராயத்துக்கு மாற்றாக ஹெக்சேன் என்னும் திரவத்தைக் கொடுத்தார்கள். காரணம், அது விரைவில் உலர்ந்துவிடும். சில நொடிகள் மிச்சம்! அந்த நொடிகளுக்கு விலை, தொழிலாளரின் நரம்பு. கை கால் மரத்து, நடை தளர்ந்தது. 137 பேர் பாதிக்கப்பட்டதை 2011-இல் ஆப்பிள் நிறுவனமே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. தாம் துடைத்தது நஞ்சென்று அறியாத அவர்கள் எதற்கு இசைந்தார்கள்?

முன்னாளில் ‘தலையெழுத்து’ என்றார்கள். குற்றம் கடவுளின் கணக்கிலே எழுதப்பட்டது. இன்று ‘அவன் விருப்பம்’ என்கிறார்கள். குற்றம் தொழிலாளியின் கணக்கிலே ஏறுகிறது. ஆதாயம் பெறுபவனின் கணக்கில் மட்டும் அது அன்றும் ஏறியதில்லை, இன்றும் ஏறவில்லை.

சட்டத்தால் நேரத்தை வரையறுப்பது விருப்பத்தை மறுப்பதாகுமா? தனிமனித உரிமைக்காக ஓயாது வாதாடிய ஜான் ஸ்டூவர்ட் மில், 1848-இல் வெளியிட்ட பொருளியல் நூலில் இதையே எடுத்துக்காட்டாக ஆராய்கிறார். பத்து மணி வேலையை ஒன்பதாக்குவதே எல்லாருக்கும் நன்மை என்று வைத்துக்கொள்வோம். ஆயினும் மீறுவதற்கு ஒவ்வொருவனுக்கும் உரிமை இருக்கும்வரை, ஒருவன் மீறுவான். அவனைக் கண்டு அடுத்தவனும் மீற நேரும். முடிவில் அனைவரும் பத்து மணிக்கே திரும்புவர். ஆகவே, அவர்கள் விரும்புவது நிறைவேறுவதற்கே சட்டத்தின் துணை தேவைப்படலாம் என்பது அவர் காட்டும் வழி. தனித்து நிற்கும் தொழிலாளிக்கு விருப்பம் உண்டு, வலிமை இல்லை.

சீனத்துக் கதை நமக்கெதற்கு என்பீர்களோ? அதே ஃபாக்ஸ்கானின் ஆலை நம் திருப்பெரும்புதூர் வட்டாரத்திலும் இயங்குகிறது. விடுதி உணவால் நோயுற்ற தோழியருக்காக, 2021 டிசம்பரில் அதன் பெண் தொழிலாளர் நெடுஞ்சாலையிலே அமர்ந்து போராடினர். 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணி வேலைக்கு வழிவிடும் சட்டமுன்வடிவு நம் சட்டமன்றத்திலே நிறைவேறியது. ‘தொழிலாளர் விரும்பினால் மட்டுமே’ என்று அப்போதும் விளக்கம் சொல்லப்பட்டது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தெழுந்தன, மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது, மே முதல் நாளன்று, திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

அந்த மூன்று நாளும் ‘தொழிலாளியின் விருப்பம்’ என்றே என்னிடம் வாதாடினார் நண்பர். எட்டு மணி வேலைக்கு அந்த ஆலைகளில் என்ன கூலி என்று கேட்டேன். அது தமக்குத் தெரியாது என்றார்.