கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்



திட்டக்குடியில் கோயில் கொண்டிருப்பவர் வைத்தியநாத சுவாமி. அவரே ஊரில் இருந்தாலும், கொஞ்சம் பெரிய வியாதி என்றால் திட்டக்குடிக்காரர்கள் பஸ் ஏறித்தான் ஆகவேண்டும். வெள்ளாற்றைத் தாண்டிப் பெரம்பலூர். இந்தப் பக்கம் விருத்தாசலம், கடலூர், சிதம்பரம். அதற்கு மேல் புதுச்சேரி ஜிப்மர். அங்கும் தீராது என்றால் வேலூர் சி.எம்.சி. ஒரு நோயாளி கிளம்பினால் வீட்டிலிருந்து இரண்டு பேர் கூடவே கிளம்புகிறார்கள். கையில் கட்டைப் பை, பாய், ஃப்ளாஸ்க், ஸ்கேன் படம் வைத்த அந்தப் பெரிய கவர்.

இந்தப் பக்கத்து மண்ணின் எழுத்தாளர் இமையம். அவருடைய ‘செல்லாத பணம்’ நாவலுக்கு 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தீக்காயத்தோடு ஜிப்மரில் சேர்க்கப்பட்ட ஒரு பெண். வார்டுக்கு வெளியே காத்துக் கிடக்கிற அவள் குடும்பம். கதையில் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புதான். நோய் கட்டிலோடு நிற்காமல் வராந்தாவிலும் படுத்துக் கிடக்கிறது என்பதை அதைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம்.

அந்த வார்டுக்கும் வராந்தாவுக்கும் என்றே கிறிஸ்தவ சபைகள் ஆள் வைத்திருக்கின்றன. சி.எம்.சி. போன்ற மிஷன் ஆஸ்பத்திரிகளில் அவரைச் சாப்ளின் என்பார்கள். மருந்தும் ஊசியும் அவர் கையில் இல்லை. கட்டில் கட்டிலாகப் போய் உட்கார்ந்து பேசுவது, அதைவிட அதிகமாகக் கேட்பது, வேண்டியவர்களுக்கு ஜெபிப்பது, இவைதான் அவர் வேலை.

சி.எம்.சி.யின் கதையே ஒரு நோயாளியின் பக்கத்தில் இருக்க வந்தவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1890-இல் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்தார். அன்று திண்டிவனமும் திட்டக்குடியும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். ஓர் இரவு மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வேதனையில் துடிக்கும் தங்கள் மனைவியருக்காக அடுத்தடுத்து வந்து அவரைக் கூப்பிட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் கூடாது என்று அவர்கள் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா திரும்பிப் போய் மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கினார்.

சரி, கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறவர் என்ன பேசுவது? பைபிளில் யோபுவின் கதை இருக்கிறது. உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்க்க நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஏழு பகல், ஏழு இரவு, ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்கள்தான். யோபு வாய்விட்டு அழுததும் இவர்களும் வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், அதனால்தான் என்று ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊர் பார்வையாளர் நேரத்தில் இந்த மூவரும் இன்றைக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறார்கள். ‘எங்க சின்ன மாமாவுக்கும் இதேதான், மூணே மாசம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மதப் பணி என்று வருகிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருப்பவர் எழுந்து போக முடியாது. பிடிக்காவிட்டாலும் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். அவரிடம் போய்ப் பிரசங்கம் செய்வதை என்னால் ஊழியம் என்று ஒத்துக்கொள்ள முடியாது. யோவான் நற்செய்தியில் பெதஸ்தா குளக்கரையில் படுத்திருந்த, முப்பத்தெட்டு வருஷமாக நோயாளியாயிருந்த ஒருவரிடம் இயேசு முதலில் கேட்டது, குணமாக விருப்பமா என்றுதான். அந்த மனிதர் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குளத்தில் தன்னை இறக்கிவிட ஆளில்லை என்றார்.

இன்றைக்கும் கேட்டுப் பார்த்தால் இப்படித்தான் பதில் வரும். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். சாப்ளின் நர்ஸிடம் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கட்டிலில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்காருகிறார். பயமாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், சினை மாட்டைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்தது, மக்காச்சோளம் கதிர் முறிக்க ஆள் கிடைக்காதது, மகளுக்குப் போட வைத்திருந்த நகையை அடகு வைத்தது எல்லாம் ஒவ்வொன்றாக வரும். பயமும் அதற்குள்ளேயே இருக்கும். அதற்குப் பிறகு, ‘உங்களுக்காக ஜெபிக்கலாமா ஐயா?’ என்று கேட்கலாம். ‘வைத்தியநாதரை வேண்டிக்கிட்டுத்தான் வந்தேன், நீங்களும் வேண்டிக்கிடுங்க’ என்று அவர் சொன்னால் அதுவும் சரிதான்.

இப்படிக் கேட்பதற்குப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் மனநோய் வந்து மருத்துவமனையில் கிடந்து எழுந்தவர். 1925-இல் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை வார்டுக்குக் கூட்டிப்போய், நோயாளிகளையே பாடமாக வைத்துக் கற்றுக்கொடுத்தார். அந்த வழியில் வளர்ந்த பயிற்சியில், நோயாளியோடு நடந்த பேச்சை மாணவர் ஞாபகத்திலிருந்து வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் காட்ட வேண்டும். எந்த இடத்தில் குறுக்கே பேசினோம், எந்த இடத்தில் கண்ணீரைப் பார்த்துப் பயந்து பேச்சை மாற்றினோம் என்பது எழுதும்போது தெரிந்துவிடும்.

கத்தோலிக்க வீடுகளில் இன்னொரு சங்கடம். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வார்டுக்குள் வந்தாலே, கதை முடிந்தது என்று சொந்தக்காரர்கள் அழ ஆரம்பிப்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1972-இல் இந்த எண்ணெய் பூசும் சடங்கைத் திருத்தினார்கள். கடும் நோயில் விழுந்த யாரும், பெரிய ஆபரேஷனுக்கு முன்பும்கூட, நோயில் பூசுதல் பெறலாம் என்றானது. ஆனாலும் பல வீடுகளில் கடைசி மணி நேரம்வரைக்கும் சாமியாருக்குச் சொல்லியனுப்ப மாட்டார்கள். நோயாளிக்கு நினைவு தப்பிய பிறகுதான் ஆள் ஓடும்.

இன்று சாயங்காலம் யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஆரஞ்சுப் பழம் வாங்குவது உங்கள் இஷ்டம். நோயாளிக்குத் துணையாகப் படுத்துக் கிடக்கும் அம்மாவை, ‘நீங்க போய்க் குளிச்சிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க அக்கா, நான் இருக்கேன்’ என்று ஒரு மணி நேரம் வெளியே அனுப்பிவிட்டு, அந்த ஸ்டூலில் உட்காருங்கள்.