நடுவில் நிற்பவன்

மலைநாட்டுத் தோட்டமொன்றின் பிரட்டுக் களத்தை மனக்கண்முன் கொண்டு வருவோம். ஒருபுறம் துரை, மறுபுறம் நூற்றுக்கணக்கான தொழிலாளர். இரு சாராருக்கும் இடையே ஒருவன் நிற்கிறான். கூட்டத்தின் சார்பில் பேச வந்தவன் அவன். அவன் யாருடைய ஆள்?

இக்கேள்வி தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்து பணிபுரிய வரும் தொண்டர்கள், தம் குறைகளைத் திட்ட அலுவலரிடம் எடுத்துரைக்கத் தம்முள் ஒருவரைத் தெரிந்தெடுக்கும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. ஆயினும் இதன் முழுக் கனத்தையும் உணர வேண்டுமாயின், நாம் பதுளைக்கும் ஊவாவின் தேயிலை மலைகளுக்கும் செல்ல வேண்டும். அங்கே மக்கள் இதற்குத் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் நடுவில் நின்றவன் கங்காணி. அவனும் தமிழன், பல வேளைகளில் ஒரே ஊரான், உறவினன். முன்பணம் கொடுத்து ஆட்களை அழைத்து வந்தவன் அவனே. அந்தக் கடன் 'துண்டு' என்னும் சீட்டில் ஏறித் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் தொடர்ந்தது. 1921இல்தான் சட்டம் அம்முறையை ஒழித்தது. வேலைக்கு நின்ற ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளியின் குறையைத் துரையிடம் சொல்லும் வாயும் அவனுடையதே! மக்களின் மொழியைப் பேசியதனால் மட்டும் ஒருவன் மக்களின் பிரதிநிதி ஆகிவிடுவதில்லை. அவனுக்கு அந்த இடத்தை அளித்தவர்கள் மக்கள் அல்லர். ஆகவே அதிலிருந்து அவனை இறக்கவும் மக்களால் இயலவில்லை.

இதற்கு மாறான ஒரு காட்சியை அதே பதுளை மண் 1940இல் கண்டது. வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாமே தேர்ந்தெடுத்த குழுவொன்றை அமைத்தனர். அக்குழுவைக் கலந்துகொண்டே நிர்வாகம் நடத்துவதாகத் துரை இணங்க நேர்ந்தது. அந்த வேலைநிறுத்த அலை பின்னர் பொலிஸ் அடக்குமுறையால் முறிக்கப்பட்டது உண்மையே. ஆனால் பேசுவோர் தம்மைத் தேர்ந்தோருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற எண்ணத்தை எந்தத் துப்பாக்கியால் முறிக்க முடியும்?

பேச ஆளே இல்லாதபோது நேர்வது என்ன? 1947 தேர்தலில் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இல் குடியுரிமையும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்டன. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்! மூட்டைகளை எண்ணுவதுபோல் மனிதரை எண்ணினார்கள். எண்ணப்பட்டவர்களை ஒரு சொல்லேனும் கேட்டார்களா?

கீழிருந்து மேலே செல்லும் சொல் மட்டுமன்று, மேலிருந்து கீழே வரும் சொல்லும் உயிர்ப் பிரச்சினைதான். கொஸ்லந்தை, மீரியாபெத்தையில் மண்சரியும் அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் குடியேறுவதற்கு வேறிடம் ஆயத்தமாகவில்லை. லயங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து அவற்றை மூடியது. எச்சரிக்கையை மக்களிடம் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? வீடு கிடைக்கும்வரை அதே செய்தியை மீண்டும் மீண்டும் மேலே சுமந்து செல்ல ஓர் ஆள் வேண்டாமா?

பிரதிநிதி வெறும் ஊதுகுழலா, அவனுக்குச் சொந்த அறிவு கூடாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மக்கள் தவறாக எண்ணுகிறார்கள் என்று அவன் கருதினால், அதைச் சொல்ல அவனுக்கு உரிமையுண்டு. ஆனால் அதை முதலில் லயத்து வாசலில் சொல்ல வேண்டும். அலுவலக அறையில் அன்று. ஆபத்து பெரும்பாலும் பகையாக வருவதில்லை. நாற்காலி வருகிறது, தேநீர் வருகிறது, "இது உமக்கு மட்டும் சொல்கிறோம்" என்ற மெல்லிய சொல் வருகிறது. அந்த இரகசியத்தைக் காக்கத் தொடங்கிய அன்றே அவன் இடம் மாறிவிடுகிறான். கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் பெண்கள்; பேசப் போகிறவரோ பெரும்பாலும் ஆண். இந்த முரணையும் நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே, மேலிடத்தில் எவ்வளவு உரத்துப் பேசினான் என்பதைக் கொண்டு நாம் பிரதிநிதியை அளக்க வேண்டியதில்லை. அன்று மாலை அவன் திரும்பி வந்தானா? தான் கேட்டதையும், அவர்கள் மறுத்ததையும், தான் விட்டுக்கொடுத்ததையும் மறைக்காமல் சொன்னானா? "இனி நீ போக வேண்டாம்" என்று மக்கள் சொன்னால், அவ்விடத்தை விட்டு இறங்குவானா? இம்மூன்றுக்கும் ஆம் என்பவனே நம்மவன். மற்றவன் எந்த மொழியில் பேசினாலும், எந்தக் கொடியை ஏந்தினாலும், பழைய கங்காணியே.