சிக்கெடுக்கும் கை



வருகிற நவம்பர் 3-ஆம் தேதி புனித மார்ட்டின் தெ போரஸ் திருநாள். கையில் துடைப்பத்தோடு நிற்கும் கறுத்த துறவி என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தத் துடைப்பத்துக்கு முன்பே அவர் கையில் கத்தரிக்கோல் வந்துவிட்டது. 1579-இல் பெரு நாட்டின் லீமா நகரில் பிறந்தவர். அப்பா ஸ்பெயின் நாட்டுப் பிரபு. அம்மா, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண். பிள்ளை அம்மாவைப்போலப் பிறந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் தகப்பன் யாரென்று தெரியாது என எழுதினார்கள். அந்தப் பையன் 12 வயதில் முடிதிருத்துநரிடம் தொழில் பழகப் போனான். அந்தக் காலத்தில் முடி வெட்டுகிறவரே புண்ணுக்கு மருந்தும் வைப்பார். பிறகு தொமினிக்கன் மடத்தில் சேர்ந்து, சக துறவிகளின் தலையைச் சிரைத்து, நோயாளிகளின் புண்ணைக் கழுவியே வாழ்ந்தார். 1962-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். இரண்டு இனத்துக்குப் பிறந்தவர்களுக்கும் முடிதிருத்துகிறவர்களுக்கும் அவர்தான் பாதுகாவலர்.

ஜவ்வாது மலையில் இந்தக் கதை எதற்கு என்கிறீர்களா? கீழே வேலூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளில் சிலர் வேறு இனத்தாரை மணக்கிறார்கள். விடுமுறைக்குப் பேரப்பிள்ளை சுருட்டை முடியோடு மலையேறி வருகிறது. பாட்டி ஆசையாகத் தலை வார உட்காருகிறார். சீப்பு பாதியில் நிற்கிறது, குழந்தை அலறுகிறது. "சாமி, இந்த முடிய என்னதான் பண்றது? மொட்ட போட்டா நேரா வளருமா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

வளராது, அம்மா. முடி சுருள்வதும் நேராக வளர்வதும் தோலுக்கு அடியில், வேர்ப்பையின் வளைவில் தீர்மானமாகிறது. சவரக் கத்தி அவ்வளவு ஆழம் போவதில்லை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டால் தாராளமாகப் போடுங்கள். முடியை நிமிர்த்துவதற்காகப் போடாதீர்கள்.

கலப்பு என்ற பேச்சு வந்தால் நாமும் கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது. ஆங்கிலேயர் காலத்து வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் நம் மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றிய பழங்கதை ஒன்று பதிவாகியிருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளப் பெண்கள் ஏழு பேரைத் தூக்கிப் போனார்களாம். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் நீந்திக் கரையேற, நாய்கள் பாதியில் திரும்பி ஊர் வந்துவிட்டன. நாய் மட்டும் வந்ததைப் பார்த்து ஆள் செத்தான் என்று ஊரில் கருமாதியே முடித்துவிட்டார்கள். உயிரோடு திரும்பியவர்களுக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலைக்கு ஏறினார்கள். அவர்கள் வழி வந்தவர்களே நாம் என்கிறது கதை. நம் மூதாதையர் சொல்லிவைத்த கதையே இப்படியிருக்க, பேரனின் தலையைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு என்ன உரிமை?

மோசே கூசு நாட்டுப் பெண்ணை மணந்தபோது அவர் அக்கா மிரியாம் முணுமுணுத்தார். எண்ணிக்கை நூல் 12-ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் யார் பக்கம் நின்றார் என்று தெரியும். பவுலடியாரின் செல்லப்பிள்ளை திமொத்தேயுவுக்கு அம்மா யூதர், அப்பா கிரேக்கர். அந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்த்தவர்கள் பாட்டி லோயியும் அம்மா யூனிக்கியும். அவர்கள் அவனுக்குத் தலை வாரியதைத் திருவிவிலியம் சொல்லவில்லை. வாராமலா வளர்த்திருப்பார்கள்?

தலைமுடியெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்றார் இயேசு. எண்ணுகிறவர் சுருட்டை முடியை விட்டுவிட்டு எண்ணுவதில்லை. ஆகவே அதைப் பார்த்துக்கொள்வதும் இறைப்பணிதான். எப்படி என்று சொல்கிறேன். கோயிலில் இதெல்லாமா என்று நினைக்க வேண்டாம்.

நேரான முடியில் தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை நுனிவரை வழிந்துவிடும். சுருளில் வழியாது. அதனால் நுனி காய்ந்து, சிக்காகி, இழுத்தால் ஒடிகிறது. தினமும் ஷாம்பூ வேண்டாம். வாரம் ஒரு தரம் போதும். இந்த ஐப்பசிக் குளிரில் விடியற்காலை நனைக்காமல், வெயில் ஏறியபின் குளிக்கவையுங்கள். அரப்பும் சீயக்காயும் அழுக்கை எடுக்கும், ஆனால் முடியை வறட்டும். கழுவியபின் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த வழவழப்பான சாற்றைத் தடவுங்கள். ஈரமும் வழவழப்பும் இருக்கும்போதே தலையை நாலு பாகமாகப் பிரித்து, முதலில் விரலால் கோதி, பிறகு அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போக வேண்டும். உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் கொடுமை. சிக்குக்கு மேலே முடியை இடது கையால் பிடித்துக்கொண்டால் வலி தலைக்கு ஏறாது. துண்டால் தேய்க்காமல், பழைய வேட்டியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனிக்குப் பூசுங்கள். பேன் வந்தால் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. ஈரத்தலையில் பாகம் பாகமாகப் பேன் சீப்புப் போட்டாலே வந்துவிடும். நேராக்குகிறேன் என்று கடையில் விற்கும் களிம்பைப் பிஞ்சுத் தலையில் வைக்காதீர்கள்; தோல் வெந்துவிடும்.

விடுதிக் காப்பாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாருக்கும் ஒரே மாதிரி மடித்துக் கட்டிய இரட்டைச் சடைதான் என்று இறுக்கினால், நாளடைவில் நெற்றியோர முடி கொட்டும். 2016-இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பெண்கள் பள்ளியில் கறுப்பின மாணவிகள் தங்கள் முடியைக் கட்டுப்படுத்திய விதிக்கு எதிராகத் திரண்டு நின்றார்கள். அவ்வளவு தூரம் போக விடுவானேன்? தளர்வான பின்னலை அனுமதியுங்கள். "குருவிக்கூடு", "நூடுல்ஸ்" என்று கூப்பிடும் வாயை அடக்குங்கள். ஆசைக்குத் தொட்டுப் பார்க்கிறேன் என்று அந்தத் தலையில் கண்டவர் கையும் படக்கூடாது.

இது ஏதோ அந்நிய நாட்டு விவகாரமும் அல்ல. கர்நாடகத்தில் எல்லாபூர், அளியால் காடுகளில் ஆப்பிரிக்க வழி வந்த சித்தி மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு; 2003 முதல் நம்மைப்போலவே பட்டியல் பழங்குடியினர். இலங்கையில் புத்தளம் அருகே சிரம்பியடியில் ஆப்பிரிக்க வழிவந்த சிறு சமூகம் ஒன்று இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கத்தாரோடு மணவுறவு கொண்டு, ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சுருளும் இன்னொன்றுக்கு நேருமாக வளர்கிறார்கள். திருப்பலிக்கும் நம்மைப்போலத்தான் வருகிறார்கள்.

கடைசியாக அப்பாக்களுக்கு. இவ்வளவையும் அம்மா தலையிலேயே கட்டிவிட்டு எழுந்து போகாதீர்கள். ஆனைமலைக் காடர்களின் பழைய வழக்கத்தில் பெண்ணுக்கு மூங்கில் சீப்புச் செய்து தருவது ஆணின் வேலை. நம்மிடமும் மூங்கில் இருக்கிறது, கத்தியும் இருக்கிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இரண்டு தீக்குச்சி நுழையும் இடைவெளி விட்டு, முனையை மழுங்கத் தேய்த்துச் செய்யுங்கள். 3-ஆம் தேதி மாலைத் திருப்பலிக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள். மெழுகுதிரியோடு சேர்த்து அதையும் மந்திரித்துத் தருகிறேன்.